நான் மறுவளமாக்கிய விண்மீன்

எனக்குக் கழித்தல் கணக்கு வராது. பௌதிகவியலில் பட்டம் வாங்கிய ஒருத்தி இதைச் சொல்வது வெட்கக்கேடுதான். என்ன செய்ய, உண்மை அதுதான்.

வெளிநாட்டில் கலாநிதிப் (முனைவர்) படிப்புக்கு நேர்முகம் வந்திருந்தது, இணையவழியில். கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் எங்கள் ஊரான தண்ணீரூற்றிலேயே கிடக்க வேண்டியதுதான். என் ஆய்வு, பக்கத்து விண்மீனின் வாயுவை உறிஞ்சியபடி சுழலும் நியூத்திரன் விண்மீன் ஒன்றைப் பற்றியது. அது எக்ஸ் கதிர்களைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும். இப்படியானவற்றில் சக்தி குறைந்த கதிரின் துடிப்பு, சக்தி கூடியதைவிடத் துளி பிந்தி வருவதுதான் வழக்கம். (துளி என்றால், கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வருமோ என்னவோ.) என்னுடையதில் சக்தி கூடியதுதான் பிந்தியது!

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அப்பாவின் தம்பி குஞ்சியப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

“வெள்ளைக்காரருக்கும் தெரியாததோ பிள்ளை?”

“ஓம் குஞ்சியப்பா. மற்ற எல்லாத்துக்கும் இது மறுவளம், தலைகீழ்.”

மறுநாள் சந்தியில் பதாகை தொங்கியது. ‘விண்மீனின் புதுமை கண்ட எம் மண்ணின் மகளே, வாழ்க!’ கீழே, அடையாள அட்டையிலிருந்து எடுத்த என் படம், ஆடு திருடிப் பிடிபட்ட முகத்தோடு. (எங்கள் ஊரில் பள்ளிச் சோதனை முடிவு வந்தாலே பதாகை கட்டுவார்கள். எனக்கு முடிவு வருமுன்னரே கட்டிவிட்டார்கள்.)

நேர்முகத்தில் பேராசிரியர் அமைதியாகக் கேட்டார்: “எதிலிருந்து எதைக் கழித்தீர்கள்?”

என் நிரலைப் பார்த்தேன். ஐயோ! மாறிக் கழித்திருந்தேன். பிந்தியது முந்தியதாகிவிட்டது. ‘பிழை என்னுடையது’ என்றிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் சந்தியில் பதாகை தொங்குகிறதே, எப்படிச் சொல்ல? “இந்த விண்மீன் அப்படித்தான்” என்று கால்மணி நேரம் வாதாடினேன். அவர் தரவை வாங்கி, என் கண்முன்னே சரியாகக் கழித்துக் காட்டினார். மற்ற எல்லாவற்றையும் போன்ற சாதாரண விண்மீன்.

“பிழை விடாதவர் யாருமில்லை. அதை ஒப்புக்கொள்ளாதவரோடு என்னால் வேலை செய்ய முடியாது” என்றார்.

அவ்வளவுதான். இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை.

இப்போது கிளிநொச்சியில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். போன மாதம் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் பிறந்த ஆண்டைப் பார்த்துவிட்டு, “பொடியனுக்கு மூண்டு வயசு மூப்பு” என்றார் அப்பா.

“கழிச்சது ஆர்?” அம்மா குசினியில் சமைத்தபடியே கேட்டா.

“எங்கட பிள்ளைதான்.”

“அப்ப பொடியன் மூண்டு வயசு இளமை. வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு யாருக்கும் தெரியாமல் அறைக்குள் போய், இன்னொருமுறை கழித்துப் பார்த்தேன்.