உப்பு சர்க்கரையும் ஒரு ‘மறுக்கா’வும்

விசேஷ வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று கேட்டால், பெரியவர்கள் பேச்சுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா. போட்டோ எடுக்கிறவர் பேச்சுதான் எடுபடும். பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் எழுந்திருக்காத ஆசாமி, "ஏனுங்க, சித்தே அக்கட்டால நகருங்க" என்று நான் சொன்னால் நாற்காலியோடு நகர்வார். வருஷக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாத நாத்தனாரையும் அண்ணியையும் தோள்மேல் கை போட வைத்திருக்கிறேன். தாலி கட்டப் போன மாப்பிள்ளையின் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு லென்ஸ் மாற்றியிருக்கிறேன். (அந்த ஐயர் இன்னமும் என்னோடு பேசுவதில்லை.) "மறுக்கா ஒருக்கா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், சொந்தபந்தம் மொத்தமும் மறுபடி ஆரத்தி எடுக்கும், மறுபடி சிரிக்கும், கேட்டுக்கொண்டால் மறுபடி அழவும் செய்யும்.

இந்த அதிகாரம் தலைக்கேறிப்போய், என்னுடைய நிச்சயதார்த்தத்தை நானே முறித்த கதை இது.

நானும் ஷபானாவும் சரவணம்பட்டியில் ஒரு சின்ன ஸ்டுடியோ நடத்துகிறோம். அவள் கோட்டைமேட்டுக்காரி, என்னோடு கல்லூரியில் படித்தவள். தனி ஆள் படம், நிச்சயதார்த்தம், கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியைத் தென்னந்தோப்புக்குள் கைகோத்து நடக்கவிட்டு எடுக்கிற படம், எல்லாம் எடுப்போம். மேளச் சத்தத்தில் ஒருத்தியை ஒருத்தி கத்திக் கூப்பிட முடியாது என்பதால் எங்களுக்குள் சைகை உண்டு. மூக்கைத் தொட்டால் பேட்டரி தீர்கிறது. வயிற்றைத் தடவினால் பந்தி ஆரம்பித்துவிட்டது. காது மடலைப் பிடித்து இழுத்தால் முக்கியமான படம் தவறிப்போய்விட்டது, உடனே மற்றவள் "மறுக்கா" என்று குரல் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அது யோசித்துச் செய்கிற காரியமாகவே இல்லாமல் போய்விட்டது. தும்மல் மாதிரி தானாக வந்துவிடும்.

பிரபு எங்கள் ஸ்டுடியோவுக்குப் படம் எடுக்க வந்தவர்தான். உடுமலைப்பேட்டைக்காரர், தேங்காய் வியாபாரக் குடும்பம், இவர் மட்டும் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. "பொண்ணு ஊட்டுக்கு அனுப்பறதுக்குங்க" என்று சொல்வதற்குள் அவருக்குக் காது சிவந்துவிட்டது. சிரிங்க என்றால் பல் டாக்டரிடம் காட்டுவது போல வாயைத் திறந்தார். இவரை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே, கேமராவும் கையுமாக ஸ்டூலில் ஏறினேன். கால் தவறி, பின்னால் இருந்த திரையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். மனிதர் பதறிப்போய், "கேமரா பத்திரமுங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது, அந்தச் சிரிப்பை ஷபானா தன் கேமராவில் பிடித்துவிட்டாள். (விழுந்தவளை விட்டுவிட்டுக் கேமராவை விசாரித்த மனுஷனை ஒரு போட்டோகிராபருக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்?)

கொஞ்ச நாளில் சத்தியமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கல்யாணத் தரகர் வந்தார். அவர் நீட்டிய உறைக்குள் இருந்தது நாங்கள் எடுத்த அதே படம்.

"பையன் எப்படி இருக்கறான் கண்ணு?" என்று அம்மா கேட்டார்.

"லைட்டிங் நல்லா இருக்குதும்மா."

மூக்கோரத்தில் இருந்த பருவை அழித்தவளே நான்தான் என்று சொல்லவில்லை. அந்தப் படத்தை என் போனில் இருந்து அழிக்கவே மனசு வராமல் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

எல்லாம் கூடிவந்தது, பிரபுவின் பெரியப்பா ஒருவரைத் தவிர. எனக்குப் பெரிய மாமா முறை. அந்த வீட்டில் அவர் தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது. "கேமராவத் தூக்கிட்டு மண்டபம் மண்டபமாப் போற புள்ளைங்களா? பெரிய மனுசங்களை நில்லு, உக்காருன்னு வேலை ஏவற புள்ளை, நம்ம ஊட்டுக்குச் செட்டாகுமுங்களா?" என்று தரகரிடமே கேட்டிருக்கிறார். பிரபு கெஞ்சிக் கூத்தாடியதில், "சரி, நிச்சயத்தன்னைக்குப் புள்ளை எப்படி நடந்துக்குதுன்னு பாக்கறேன்" என்று அரைச் சம்மதம் கொடுத்தாராம். ஆக, எனக்கு அது நிச்சயதார்த்தம் மட்டும் இல்லை, பரீட்சையும்கூட.

"அன்னைக்கு மட்டும் கேமராவத் தொட்டீன்னு வெய்யி, நான் மனுசியாவே இருக்கமாட்டேன்" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். கேமராவைத் தொடமாட்டேன் என்று நானும் சத்தியம் செய்தேன். கடைசிவரை தொடவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

சத்தியமங்கலம் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். நான் தரையில் விழுந்த நிழலைப் பார்த்து, டியூப்லைட்டை யார் இந்த இடத்தில் கட்டியது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். எதிரே ஷபானா கேமராவோடு நின்றாள். பெரிய மாமா என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் நிச்சயம் என்றால் உப்பு சர்க்கரை மாற்றுவதுதான் உயிர். இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு தட்டில் உப்பும் சர்க்கரையும் வைத்து, தட்டோடு மாற்றிக்கொள்வார்கள். மாற்றியாகிவிட்டால் பேச்சு உறுதி, அதன் பிறகு பின்வாங்கக்கூடாது. என் அப்பாவும் பிரபுவின் அப்பாவும் தட்டைத் தூக்கினார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. சரியாக அந்த நேரம் பார்த்து, எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்கப் பெரிய மாமா குறுக்கே வந்து குனிந்தார். ஷபானாவின் கேமரா முன்னால் அவருடைய வெள்ளைச்சட்டை முதுகு மட்டும்தான் இருந்தது. அந்த முதுகுக்குப் பின்னால் தட்டு மாறியது, எல்லோரும் அட்சதை போட்டார்கள்.

கூட்டத்துக்கு நடுவில் ஷபானாவின் கை மெல்ல உயர்ந்து காது மடலைப் பிடித்து இழுத்தது.

அவ்வளவுதான். "ஏனுங்க மாமா, அப்பா, அப்படியே நில்லுங்க! தட்டைத் திருப்பிக் குடுத்துப்போட்டு மறுக்கா ஒருக்கா மாத்துங்க! பெரிய மாமா, நீங்க சித்தே அக்கட்டால நவுந்துக்குங்க, மறைக்குதுங்க!"

குரல் என்னுடையதுதான். தூக்கிய கையும் என்னுடையதுதான். இதில் கொடுமை என்னவென்றால், மூன்று பேரும் மறுபேச்சு இல்லாமல் சொன்னபடி செய்தார்கள். பெரிய மாமா நகர்ந்தார். அப்பா தன் கையில் இருந்த தட்டைக் கொடுத்துவிட்டு, கொடுத்திருந்த தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டு சம்பந்திகளும் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கவும் செய்தார்கள். ஷபானாவும் பழக்கதோஷத்தில் அதைப் படம் எடுத்துவிட்டாள்.

முதலில் மேளம் நின்றது. பிறகு பேச்சு நின்றது. பின்கட்டில் அப்பளம் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தட்டு திரும்பி வந்துபோச்சுங்க" என்றார் பெரிய மாமா, நிதானமாக. "எங்க உப்பு எங்ககிட்ட, உங்க உப்பு உங்ககிட்ட. இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"புள்ளை ஏதோ தெரியாமச் சொல்லிப்போட்டுதுங்க" என்றார் அப்பா.

"புள்ளை சொன்னா? நீங்க ஏனுங்க குடுத்தீங்க?" என்றவர், தன் தம்பி பக்கம் திரும்பினார். "நீ ஏன்டா வாங்குன?"

என் வருங்கால மாமனார் தட்டைப் பார்த்தார், ஷபானாவைப் பார்த்தார். "போட்டோக்காரங்க சொன்னாச் செய்யோணுமில்லீங்கண்ணா" என்றார்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை. "கேமராவத் தொடலியேம்மா" என்று முணுமுணுத்தேன். "வாயத் தெச்சுப்போட்டு உக்கார வெச்சிருக்கோணும்" என்று பல்லைக் கடித்தார்.

அதுவரை எனக்குள் பாதி சிரிப்பாகத்தான் இருந்தது. பிரபுவைப் பார்த்தேன், அவர் தலை குனிந்திருந்தார். அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. இது முறிந்துபோனால் தரகர் அவருடைய படத்தை இன்னொரு பெண் வீட்டுக்குக் கொண்டுபோவார். அதுவும் நான் விழுந்து வாரி வரவழைத்த சிரிப்பு, நான் உட்கார்ந்து அழித்த பரு. எவளோ ஒருத்தி அதைப் பார்த்துப் பையன் லட்சணமாக இருக்கிறான் என்பாள்.  எழுந்து நின்றுவிட்டேன்.

"பெரிய மாமா, தப்பு என்னோடதுங்க. தட்டு திரும்பி வந்தா வந்துட்டுப் போகுதுங்க. எனக்கு இவங்களைத்தான் புடிச்சிருக்குதுங்க. வேற யாரையும் கட்டமாட்டேனுங்க."

நிச்சயப் பெண் இப்படி எழுந்து நின்று பேசி எங்கள் தெரு பார்த்ததில்லை. அத்தைமார்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் பிரபுவும் வாயைத் திறந்தார். காது சிவந்துதான் இருந்தது.

"எனக்கும் அவங்கதானுங்க பெரியப்பா. இன்னொருக்கா போய்ப் போட்டோவுக்கெல்லாம் என்னால சிரிக்க முடியாதுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரிய மாமா சிரிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார். "அப்படின்னா மொதல்ல இருந்து வரோணும்" என்றார். "முறைன்னா முறைதானுங்க. பாதியில ஒட்டறதுக்கு இதென்ன பஞ்சர் டயருங்களா? எந்திரிங்க எல்லாரும். வெளிய போய்ட்டு மறுக்கா உள்ள வாரோம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து, "ஏனுங்க, சண்டைங்களா?" என்று ஆவலாக விசாரித்தார். "இல்லீங்க, இப்பத்தான் வாரோமுங்க" என்று பதில் சொல்லிவிட்டு, புதிதாக வருகிறவர்கள் போலவே உள்ளே வந்தார்கள். மறுபடி பன்னீர் தெளித்தோம். மறுபடி காபி கொடுத்தோம். "வாங்க வாங்க, உடுமலையில மழையெல்லாம் எப்படிங்க?" என்று அப்பா மறுபடி கேட்க, மழை பெய்த கதையை மாமனார் மறுபடி சொன்னார். என் மாமியார் மட்டும் என் பக்கத்தில் வந்து குனிந்து, "மொதல்ல மூஞ்சி வேர்த்துக் கெடந்துச்சு அம்மணி. இப்பத் தொடைச்சுக்கிட்டேன், நல்லா எடுக்கச் சொல்லு" என்று காதோடு சொன்னார். அந்த நொடியே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

தட்டுகள் மறுபடி உயர்ந்தன. இந்தத் தடவை எவனும் எதையும் திருப்பிக் கொடுத்துவிடக்கூடாது என்று பெரிய மாமா இன்னும் கிட்டத்தில் வந்து, இன்னும் நன்றாகக் குனிந்து, தட்டுக்கு ஒரு கையாகப் பிடித்துக்கொண்டார். அதே வெள்ளைச்சட்டை, அதே முதுகு. தட்டு மாறியது. ஷபானா என்னைப் பார்த்தாள். பாவம், அவளும் என்ன செய்வாள், காது மடலை இழுத்தாள்.

‘ம’ வரைக்கும் வந்துவிட்டது. அம்மா என் தொடையில் கிள்ளியதில் மீதி எழுத்தை விழுங்கினேன். என் தொழில் வாழ்க்கையிலேயே காதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

இதனால் எங்கள் நிச்சயதார்த்த ஆல்பத்தில் உப்பு சர்க்கரை மாற்றுகிற படம் கிடையாது. திருப்பி வாங்கிக்கொள்கிற படம் மட்டும்தான் இருக்கிறது. அது பிரமாதமாக வந்திருக்கிறது. சர்க்கரை மேல் வெளிச்சம் மின்னுகிறது, சம்பந்திகள் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்கள், பெரிய மாமா கைகட்டி ஓரமாக நிற்கிறார், மறு ஓரத்தில் நான் கையைத் தூக்கி ஆவென்று கத்திக்கொண்டிருக்கிறேன். மாமியார் அதைப் பெரிதாக்கி உடுமலை வீட்டு ஹாலில் மாட்டிவிட்டார். யார் வந்தாலும் பெரிய மாமா அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இது நிச்சயம் முறிஞ்சப்ப எடுத்ததுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். மாமியாரோ எனக்குக் காபி டம்ளரை நீட்டினால், "படம் வந்துருச்சுங்களா அம்மணி, கைய உட்டுடட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் டம்ளரை விடுவார்.

போன வருஷம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா துணியில் சுற்றி எடுத்து வந்த குழந்தையைப் பெரிய மாமாதான் முந்திக்கொண்டு வாங்கினார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஷபானா கேமராவோடு நின்றாள். அவசரத்தில் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்திருக்கிறாள். கை தன்னாலே காதுக்குப் போனது.

நான் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் இத்தனை நாளில் அந்தச் சைகை பெரிய மாமாவுக்கும் அத்துப்படியாகியிருந்தது. சட்டென்று குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"போட்டோ இல்லாட்டிப் போகுதுங்க" என்றார். "இதையெல்லாம் நான் திருப்பிக் குடுக்கமாட்டேன்."