கிரேன் மடியில் காது குத்தல்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை தேடினாலும் கிரேனைப் போலச் சாதுவான ஆள் கிடைக்கமாட்டான். அவனைப் போலச் சேதம் விளைவித்த ஆளும் கிடைக்கமாட்டான்.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தவன் அவன். கைக்கு இரண்டாக நான்கு கேன்களைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறுவான். அதனால் கிரேன். சொந்தப் பெயரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கேனைக் கீழே வைத்த பிறகுதான் ஆபத்து. பன்னிரண்டு வீடுகளில் ஐந்து வீட்டு அழைப்புமணிப் பொத்தான்கள் அவன் விரல் பட்டுச் சுவருக்குள் போயின. ஒருநாள் களைப்பாறப் படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்தான். அது இன்றும் அவன் முதுகு அளவுக்கு வளைந்து நிற்கிறது. சங்கத்தில் தீர்மானம் போட்டோம்: கிரேன் எதையும் தொடக்கூடாது, வாசலில் நின்று குரல் கொடுத்தால் போதும். கொடுத்தான். "தண்ணீ!" என்ற அந்த முதல் குரலிலேயே மூன்றாம் மாடி அம்மாள் பால் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டார்.

எங்கள் மாடிப்படிப் பூனையைக் கண்டால் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பான். "தடவ ஆசையா கீது சார். வேணாம்."

ஒருநாள் காலை கேனை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"என்னப்பா?"

"தங்கச்சி கொயந்தைக்குக் காது குத்தறாங்க சார். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடில வெச்சுதான் குத்தணுமாம்."

"நல்ல விஷயம்தானே?"

"ஆடாம இறுக்கிப் புடிக்கணும் சார். நான் இறுக்கிப் புடிச்சா இன்னா ஆவும்?"

இருவரும் படிக்கட்டுக் கைப்பிடியைப் பார்த்தோம்.

"வரமுடியாதுன்னு சொல்லிடேன்."

"சொன்னேன் சார். 'பொறந்த வூடுன்னு எனக்கு நீ மட்டும்தான் கீற. நீயும் வரலன்னா மாமியார் மூஞ்சில எப்டி முழிப்பேன்'னு அழுவுது."

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, ஒரு தட்டு நிறையப் பொரித்த அப்பளத்தோடு வந்தாள். "இத உடையாம எடுத்து சார் கைல குடு. பழகினா எல்லாம் வரும்."

அன்று பதினான்கு அப்பளம், பதினான்கும் தூள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ரசம் சாதமும் அப்பளத் தூளும்தான். விசேஷத்துக்கு முந்தின நாள், ஓர் அப்பளம் முழுசாக என் கைக்கு வந்து சேர்ந்தது. சந்தோஷத்தில் கிரேன் மேசையை ஒரு தட்டுத் தட்டினான். அந்த மேசையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பட்டினப்பாக்கத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில் வாசலில் காது குத்தல். நாங்களும் போயிருந்தோம். கிரேன் சம்மணமிட்டு உட்கார, குழந்தையை அவன் மடியில் வைத்தார்கள். ஆசாரியின் ஊசியைப் பார்த்ததும் அது துள்ளியது. கிரேனின் கைகள் குழந்தையைத் தொடாமல் இரண்டு அங்குலம் தள்ளியே நின்றன.

"யோவ், இறுக்கிப் புடிய்யா!" என்றார் ஆசாரி.

"புடிச்சிகினுதான் கீறேன்!"

"காத்தப் புடிச்சிகினு கீற!"

மாமியார் வீட்டு வரிசையில் சிரிப்பு எழுந்தது. தங்கை முகம் சுருங்கிவிட்டது. அவள் வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, உன் கைல நான் வளரல? எனக்கு இன்னா ஆச்சு? புடி."

கிரேன் கண்ணை மூடிக்கொண்டான். கைகள் மெல்ல இறங்கின. என் மனைவி என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், எனக்கு உறைக்கவில்லை. குழந்தை அடங்கியது. ஊசி இறங்கியது. வீல் என்று ஓர் அலறல்.

அலறியவன் கிரேன். குழந்தை அவனை ஆச்சரியமாகப் பார்த்தது. அந்த ஆச்சரியம் தீர்வதற்குள் ஆசாரி இரண்டாவது காதையும் முடித்துவிட்டார். பிறகு அது வேண்டிய மட்டும் அழுது, மாமன் வலது கை விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது.

பந்தி போட்டார்கள். கிரேன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"சாப்பிட வாப்பா."

"விரலப் புடிச்சிகினு கீது சார்."

"மெதுவா உருவிக்கோ."

"என்னால முடியாது சார்."

இப்போது எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் வந்துவிட்டது. கேன் வருவதில்லை, அவனும் வருவதில்லை. அன்றைக்கு நான் ஓர் இலையை வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பார் சாதத்தைப் பிசைந்து, "வாயைத் திற" என்றேன். என் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்கள் அம்மாதான் ஊட்டினாள். என் கையால் நான் சோறு ஊட்டிய ஒரே ஆள் அவன்தான்.