வெள்ளிக்கிழமை திறந்த பரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு பரப்பு வெங்காயக் காணியில் சோளம் போட்டதற்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அதை அடைத்துவைக்கப் பரல், அதாவது பீப்பாய், வாங்கப் போனதுதான் (ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்!) என் மானத்தை வாங்கியது.

யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் என் கணவரும் அவருடைய தமையனும் சேர்ந்து தோட்டம் செய்கிறார்கள். தமையனை நான் பெரியத்தான் என்பேன். லட்சுமி, கறுப்பி என்ற இரண்டு மாடுகளும் என் பொறுப்பு. கோடையில் புல் கருகிவிடும். பால் விற்ற காசெல்லாம் வைக்கோலுக்கும் புண்ணாக்குக்கும் போய்விடும். வெங்காயமோ, ஊர் முழுக்க ஒன்றாகக் கிண்டிச் சந்தையில் கொட்டினால் ஏற்றிப்போன கூலிக்கும் காணாது. சோளத்தைப் பச்சையாக வெட்டி, நறுக்கி, காற்றுப் புகாமல் அமுக்கி மூடிவைத்தால் கோடைக்குத் தீன் இருக்கும். சாணம் மற்றக் காணி வெங்காயத்துக்குப் போகும். இதற்குப் பெயர் சைலேஜ் என்று வீட்டில் விளக்கினேன்.

பெரியத்தான் கடைசியில் இறங்கி வந்தார். "சரி, செய். ஆனா மாடு உந்தச் சோளத்தைத் தின்னாட்டி, ரெண்டையும் வித்துப்போட்டு முழுக்க வெங்காயம்தான். பிறகு கதைக்கக் கூடாது."

"ஓம்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பருத்தித்துறையில் நீலப் பிளாஸ்டிக் பரல்கள் மலிவாகக் கிடைத்தன. "பிள்ளை, நல்லாத் தேய்ச்சுக் கழுவி வெயிலிலை காயவையுங்கோ" என்று விற்றவர் படித்துப் படித்துச் சொன்னார். உள்ளே ஒரு வாடை. பிறந்ததிலிருந்து சைவம் சாப்பிடுகிற எனக்குக் கருவாட்டு மணம் எங்கே தெரியும்? பருத்தித்துறைக் கடற்காற்று ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். (சிரிக்காதீர்கள்.) வீட்டில் வெட்டிய சோளம் வாடிக்கொண்டிருந்ததால் அவசரமாக ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அலசி, சோளத்தை அமுக்கி மூடிவிட்டேன். மிஞ்சியதைப் புதுப் பொலித்தீன் பைகளில் கட்டினேன்.

கோடை வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து எங்கள் ஒழுங்கை (சந்து) சனம் முழுவதையும் கூப்பிட்டேன்.

"முதல்லை நாங்கள் மட்டும் திறந்து பாப்பமே?" என்றார் கணவர்.

நான் கேட்கிற ஆளா? மூடியைக் கழற்றினேன்.

முன்வீட்டு அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். "சிவ சிவா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" லட்சுமி ஒருதரம் மோந்து பார்த்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கறுப்பி கயிற்றை அறுக்கப் பார்த்தது. ஆனால் ஒழுங்கையில் இருந்த பூனைகள் எல்லாம் மதிலால் குதித்து வந்துவிட்டன.

"பிள்ளை, மாட்டை விட்டிட்டுப் பூனை வளக்கப் போறியோ?" என்றார் பெரியத்தான். "நாளைக்கே தரகரை வரச் சொல்லுறன்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. என் மாடுகளை விற்க இவர் யார்?

"பரலிலைதான் பிழை, சோளத்திலை இல்லை! பொறுங்கோ!" என்று கத்திவிட்டு, ஒரு பொலித்தீன் பையைத் தரதரவென்று இழுத்து வந்து கிழித்தேன். புளிப்பும் இனிப்புமாக ஒரு மணம் வந்தது. (என்ன கள்ளோ என்று பின்னால் ஒருவர் ஆசையோடு கேட்டார்.) லட்சுமி திரும்பியது. மெல்ல வந்து வாய் வைத்தது. கறுப்பி பைக்குள் விட்ட தலையை எடுக்கவேயில்லை.

"பாத்தியளோ?" என்றேன்.

பெரியத்தான் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "அப்ப எங்கடை வீட்டிலை மாடும் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாது போலை." (மச்சம் என்றால் எங்களுக்கு மீனும் இறைச்சியும்.)

தரகர் வரவில்லை. பரல் சோளம் எருக்கிடங்குக்குப் போனது. அடுத்த போகம் நான் கேட்காமலே இன்னும் இரண்டு பரப்பு சோளத்துக்குக் கிடைத்தது.

பெரியத்தான் இந்தக் கதையை விடுவதாக இல்லை. கலியாண வீடு, கோயில் திருவிழா, வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தம், எங்கே ஆள் கிடைத்தாலும் பூனையில் தொடங்குவார். தாராளமாகச் சொல்லட்டும். கொளுத்துகிற கோடையில், என் மாட்டுப் பாலில் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டுதானே சொல்கிறார்!