கடலை வறுத்தது உண்மைதான், மச்சான்

கம்பம்,
வைகாசி மாதம், சனிக்கிழமை.

தேவதானப்பட்டி மாந்தோப்புக்காரரும், என் மனைவியின் உடன்பிறந்த அண்ணனும், என்றென்றும் என் மரியாதைக்கு உரியவருமான மச்சான் ராஜபாண்டி அவர்கள் சமூகத்திற்கு, மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற சுருளிவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் உடம்பால் நலம், பெயரால் நலமில்லை. அங்கு தாங்களும் அக்காவும் தோப்பும் காய்ப்பும் குறைவின்றி இருக்க சுருளி வேலப்பரை வேண்டுகிறேன். தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி ராஜாத்தியும் நலமென்றே நம்புகிறேன். அவள் என் போனை எடுப்பதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தாங்களும் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் நான் அனுப்பிய விளக்கங்கள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. ஆகவே பேனாவை எடுத்திருக்கிறேன். மாங்காய் சீசனுக்கு வழக்கம்போல் தங்கள் வீட்டுக்கு வந்த ராஜாத்தி, சொன்ன நாளில் ஊர் திரும்பவில்லை. "அந்தாளு இருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன்" என்று எங்கள் மகள் அனுசுயாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். நான் கடலை வறுத்தேன் என்பது என் மேல் சுமத்தப்பட்டிருக்கும் குற்றம். மச்சான், வறுத்தேன். அதை நான் மறுக்கவே இல்லை. எப்படி வறுத்தேன், எதற்கு வறுத்தேன் என்பதைத் தாங்கள் பொறுமையாகப் படித்து, ராஜாத்திக்கும் வாசித்துக் காட்டி, அவளைக் கம்பம் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். இக்கடிதத்தின் நோக்கம் அவ்வளவே.

சாயங்கால டீயோடு ஒரு கை காராசேவு இல்லாவிட்டால் எனக்குப் பொழுது இறங்காது என்பது தங்களுக்குத் தெரியும். சர்க்கரை கூடிவிட்டதென்று டாக்டர் அதை நிறுத்திவிட்டார். பதிலுக்குக் கொண்டைக்கடலை சாப்பிடச் சொன்னார். அன்றிலிருந்து ராஜாத்தி அதை அவித்துச் சுண்டலாகப் போட்டாள். மறுநாளும் சுண்டல். அதற்கு மறுநாளும் சுண்டல். எங்க வீட்டுல மட்டும் நவராத்திரி முடியவே மாட்டேங்குது மச்சான். இதை நான் போன்ல பொலம்பக் கேட்டு, ஓசூர்ல இருக்கிற அனுசுயா ஏர் ஃப்ரையர்னு ஒரு மிஷினை வாங்கி அனுப்பிட்டா. "இதுல கொண்டக்கடலைய வறுத்தா காராசேவு மாதிரியே மொறுமொறுன்னு வரும்பா, எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும்"னா. ராஜாத்தி அதைப் பாத்துட்டு, "இந்த டிரான்ஸ்பார்மர என் அடுப்படிக்குள்ள கொண்டாராதீக"ன்னுட்டா. சரி, அவ ஊருக்குப் போகட்டும்னு பொறுத்திருந்தேன். அவ பஸ் ஏறுனதும் வீட்டுக்கு வந்து பெட்டியப் பிரிச்சேன். இதுல ஒரு சூதும் இல்ல.

கடையில வாங்கின கடலைய அப்படியே அள்ளி உள்ள போட்டு ஓட விட்டேன். வெளிய எடுத்தா நெறம் மட்டும் மாறியிருக்கு. ஒண்ண எடுத்துக் கடிச்சேன், போன வருசம் கட்டுன பல்லு கழண்டு கையில வந்துருச்சு. கரண்டு வேலை பாத்தவன் ஆச்சே, மிஷின்ல கோளாறுன்னு நானே முடிவு பண்ணி, அட்டையில போட்டிருந்த நம்பருக்கு அடிச்சேன். ஒரு புள்ள இங்கிலீசுல ஆரம்பிச்சது. நான் பல்லைக் கையில வச்சுக்கிட்டு, "ஏத்தா, ஒங்க மிஷினு கடலைய வறுக்கலத்தா, கல்லா மாத்துது"ன்னேன். ஒடனே, "ஐயா நீங்க தேனிப் பக்கமா?"ன்னுச்சு. கம்பம்னேன். "நான் கடமலைக்குண்டுய்யா, முனீஸ்வரி, இங்கன கோயம்புத்தூர்ல வேலை பாக்குறேன்"னுச்சு. அதோட இங்கிலீச மூட்டை கட்டி வச்சுட்டு நம்ம பேச்சுக்கு வந்துருச்சு. "கடலைய ராத்திரியே ஊறப் போட்டீகளா?" இல்லன்னேன். "அவிச்சீகளா?" அதுவும் இல்லன்னேன். "பெறகு மிஷின் என்னய்யா செய்யும் பாவம்"னு சிரிச்சது. சிரிச்சது உண்மை. நானும் சிரிச்சேன், பல்லு இல்லாம.

மறுநாள் ஊற வச்சு, குக்கர்ல அவிச்சு, தண்ணிய வடிச்ச கையோட உள்ள போட்டேன். கொஞ்ச நேரத்துல பட்டு பட்டுன்னு தீவாளி. பயந்துக்கிட்டே தட்டை இழுத்தா, ஆவி மூஞ்சியில அடிக்குது, கண்ணாடியில கடலைத் தோலு ஒட்டியிருக்கு. ஊதித் தின்னு பாத்தேன். சுண்டல். மச்சான், அம்புட்டுப் பாடுபட்டு மறுபடியும் சுண்டல். திரும்ப அந்த நம்பருக்கு அடிச்சு, முனீஸ்வரிகிட்டயே குடுங்கன்னு கேட்டு வாங்கிப் பேசினேன். மத்தவுகளுக்கு மொதல்ல இருந்து வெவரம் சொல்லணும்ல, அதுக்காகத்தான். "ஈரந்தான்யா எதிரி. துணியில பரப்பி நல்லாத் தொடைச்சுக் காய விடுங்க. கையில அள்ளுனா ஈரம் ஒட்டப்படாது"ன்னு சொல்லிக் குடுத்துச்சு. பீரோவுல கைக்கு அகப்பட்ட துணியை எடுத்து நடு வீட்டுல விரிச்சேன். அது ராஜாத்தியோட சுங்குடிச் சேலைன்னு பெறகுதான் தெரிஞ்சது. இந்த வரிய மட்டும் அவளுக்கு வாசிக்க வேணாம். சீக்கிரம் காயட்டும்னு டேபிள் ஃபேனை முழு வேகத்துல வச்சேன். உரிஞ்ச தோலெல்லாம் கெளம்பி சாமி படம், டிவி, என் டீ டம்ளருன்னு ஒரு எடம் பாக்கி இல்லாம உக்காந்துருச்சு. இன்னைக்கும் தலகாணிய ஒதறுனா ஒண்ணு ரெண்டு விழுகுது.

ஆனா காஞ்சது. அதை எண்ணெயும் உப்பும் போட்டுப் பெரட்டி, ரெண்டு பங்கா வச்சேன். மொளகாத்தூள வறுத்து எடுத்த பெறகுதான் தூவணும்னு அந்தப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தது. ஆர்வத்துல மொதப் பங்குல நான் முன்னாடியே போட்டுட்டேன். அந்த மிஷினுக்குள்ள ஒரு காத்தாடி இருக்கு மச்சான். மொளகாத்தூள் பொகையா மாறி சன்னல் வழியா தெருவுக்குப் போயிருச்சு. எங்க தெரு பூராவும் தும்முது. கருகுனத வீசிட்டு, ரெண்டாவது பங்கை வெறும் உப்போட போட்டேன். முனீஸ்வரி லைன்லயே இருந்தது. "நடுவுல ஒருவாட்டி குலுக்கி விடுங்கய்யா, அவசரப்படாதீக"ன்னு சொல்லச் சொல்லக் குலுக்கினேன். எடுத்து ஆறவிட்டு, ஒண்ண வாயில போட்டு, போன்கிட்ட வச்சுக் கடிச்சேன். கடுக்குன்னு ஒரு சத்தம். "எனக்கே கேக்குதுய்யா"ன்னுச்சு அந்தப் புள்ள. எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, மச்சான், பென்சன் ஆர்டர் வந்த அன்னைக்குக்கூட அப்படி வரல. மொதல்ல ராஜாத்திக்கு ஒண்ணு குடுப்போம்னு கையில எடுத்துக்கிட்டுத் திரும்பிட்டேன். அவ ஊர்ல இல்லங்கிறது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

இந்த நேரத்துலதான் பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மா, தும்மித் தும்மிக் கண்ணு செவந்து, செவுத்துக்கு மேல தலைய நீட்டி, "என்னண்ணே பண்றீக?"ன்னு கேட்டுச்சு. வாய் நெறயக் கடலை, காதுல போன், மூஞ்சி பூராச் சிரிப்பு. கொண்டக்கடலைன்னு முழுசாச் சொல்லியிருக்கணும். வாயில எடமில்லாம சுருக்கிட்டேன். "போன்ல ஒரு புள்ளகூடச் சேந்து கடலை வறுக்குறேன்த்தா"ன்னுட்டேன். அது அப்படியே உள்ள போயி ஒங்க வீட்டுக்குப் போன் போட்டுருச்சு. அன்னைக்குப் பொழுதடையக்குள்ள நீங்க கூப்புட்டீக.

நாம பேசுனத நெனச்சா எனக்கு இப்பவும் வேர்க்குது. "என்ன மாப்ள, கடலை வறுக்குறீகளாமே?"ன்னு கேட்டீக. ஆகா, சேதி அதுக்குள்ள தேவதானப்பட்டி வரைக்கும் போயிருச்சேன்னு பூரிச்சுப்போய், "ஆமா மச்சான், ராஜாத்தி பஸ் ஏறுனதுமே ஆரம்பிச்சுட்டேன்"னேன். "இந்த வயசுல இது தேவையா?"ன்னீக. "டாக்டரே நல்லதுன்னு சொல்லிட்டாரு"ன்னேன். "வெக்கமா இல்ல?"ன்னீக. "இதுல என்ன வெக்கம், மொத நாளு ஒண்ணும் சரிப்பட்டு வரல, போகப் போகப் பழகிருச்சு"ன்னேன். "எந்தங்கச்சிக்குத் தெரியுமா?"ன்னீக. "இனிமேத்தான் சொல்லணும், வந்ததும் அவளையும் பக்கத்துல உக்கார வச்சு வறுக்கப்போறேன், நீங்களும் ஒரு நாளைக்கு வாங்க மச்சான், சேந்து வறுப்போம்"னேன். நீங்க போனை வச்ச சத்தத்துல என் காது அடைச்சுப்போச்சு. லைன் கட்டாயிருச்சுன்னு நெனச்சுத் திரும்பத் திரும்ப அடிச்சேன்.

பொம்பளப் புள்ளைககிட்டக் கொழைஞ்சு கொழைஞ்சு பேசுறதுக்குப் பேரு கடலை வறுக்குறதுன்னு அனுசுயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்றதுக்குள்ள அவ சிரிச்ச சிரிப்புல பேரப்புள்ள முழிச்சுருச்சு. ஊரு ஒலகத்துக்கே தெரிஞ்சிருக்கு, கம்பத்து மேலயே காலத்தக் கழிச்ச எனக்கு மட்டும் யாரும் சொல்லல. மச்சான், அந்தப் புள்ளைக்கு நம்ம அனுசுயா வயசுகூட இருக்காது. என்னைய ஐயான்னுதான் கூப்புட்டுச்சு, ஒருவாட்டி வாய் தவறி தாத்தான்னும் சொல்லிருச்சு. நாங்க பேசுனது அம்புட்டும் கம்பெனியில ரெக்கார்டு ஆகியிருக்கு. வேணும்னா கேட்டு வாங்கிக்கங்க. அதுல ஈரம், உப்பு, குலுக்கு, இதத் தவிர ஒரு வார்த்த இருந்தா என்னைய என்னன்னு கேளுங்க. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. மொறுமொறுன்னு வறுத்து வச்சு என்ன, இதுல உப்பு கூடன்னு சொல்லக்கூட ஆளில்ல. தயவுபண்ணி அவளை அனுப்பி வைங்க.

தங்கள் தோப்பில் காய்த்ததெல்லாம் பழுத்து, பழுத்ததெல்லாம் நல்ல விலைக்குப் போகவும், அக்காவின் முழங்கால் வலி மறையவும், தங்கள் கோபம் தணியவும் வேண்டி நிற்கும்,

தங்கள் தங்கையைத் தவிர வேறு யாரையும் அறியாத மாப்பிள்ளை,
சுருளிவேல்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போற நேரம் வாசல்ல ஆட்டோ சத்தம். பாத்தா ராஜாத்தி, ரெண்டு பை மாம்பழத்தோட. உள்ள வந்து மொதக் காரியமா இந்தக் கடுதாசியப் பிடுங்கி, கடலைத் தட்டை மடியில வச்சுக் கொறிச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் படிச்சுட்டா, சேலை வரி உள்பட. சிரிச்சுச் சிரிச்சுப் பொறையேறிப்போச்சு. "நான் எங்க கோவிச்சேன்? மதினி வேளாவேளைக்கு ஆக்கிப் போட்டாக, கூட கொஞ்ச நாளு கெடந்துட்டு வருவோம்னு கோவமா இருக்கிறதாச் சொல்லிவிட்டேன். அண்ணனும் நம்பிருச்சு. சங்கிலி சொன்னப்பவே நான் நம்பல. ஒங்ககிட்டப் போயி ஒருத்தி இம்புட்டு நேரம் பேசுவாளாக்கும்? கட்டுன பாவத்துக்கு நானே பேச மாட்டேன்"னு சொல்லிட்டு, தட்டையும் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. அவ வந்ததுல எனக்கு அம்புட்டு சந்தோசம். ஆனா மச்சான், துளியூண்டுகூடச் சந்தேகப்படலையாம். அதுதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. ஆகையால் மேலே எழுதிய விளக்கம் எதையும் தாங்கள் நம்ப வேண்டாம். அடுத்தவாட்டி அவகிட்டப் பேசுறப்ப, "மாப்ள மேல எனக்கு இன்னும் சந்தேகம் தீரலத்தா, எதுக்கும் ஒரு கண்ணு வச்சுக்க"ன்னு ஒரு வார்த்த சொல்லிவைங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.