ஐம்பது நிமிஷக்காரருக்கு நான் செய்தது

நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல மனுஷனைக் கேவலப்படுத்தினீர்கள். கொல்கத்தாத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன துர்கா பூஜை சமயத்தில் விழுந்து விழுந்து சிரித்தவர்களைத்தான் சொல்கிறேன். ஆரம்பித்து வைத்தவன் நான். அதை எழுதும்போதே முகம் எரிகிறது.

ஐம்பது நிமிஷக்காரரைப் போல ஒரு பிடிவாதக்காரர் இந்த ஊரில் பிறந்ததும் இல்லை, இனிமேல் பிறக்கப் போவதும் இல்லை. டாக்குரியாவில் ஒரு மாடி அறையில் மனசுக்கு வைத்தியம் செய்கிறார். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. நாம் பேச வேண்டும், அவர் கேட்பார். அப்பா அம்மா திருநெல்வேலிக்காரர்கள், அவர் பிறந்தது இங்கே. அறுபது வயது, பாத்திரம் துலக்கும் பிரஷ் மாதிரி மீசை. ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டால், நீங்கள் கதறி அழுதுகொண்டிருந்தாலும் "இன்னிக்கு இத்தோட நிறுத்திக்கலாம்" என்பார். அதே மாதிரி, கட்டடமே இடிந்து விழுந்தாலும் நாற்பத்தொன்பதாவது நிமிஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

நான் அவரிடம் விரும்பிப் போகவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் எந்த மாஸ்டரும் நிலைத்ததில்லை. ஊருக்குப் போக லீவு கேட்டால் போதும், அவர் டிக்கெட் எடுப்பதற்குள் சட்னியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டு நானே நிறுத்திவிடுவேன். மனைவி மீனா விருதுநகர் கிளம்பினாலும் அதே கதைதான். மூன்று நாள் முன்பே சண்டை. சாந்த்ராகாச்சியில் ரயில் ஏறுகிறவளுக்கு நான் ஒருமுறைகூடக் கையசைத்ததில்லை. கடைசியில் அவள், "இன்னொரு தடவை இப்படிப் பண்ணுனீங்கன்னா நான் திரும்பி வரமாட்டேன். அந்த டாக்டர்கிட்ட போங்க" என்றாள்.

போனேன். செவ்வாய்க்கிழமை மூன்று பத்துக்கு. கடையில் ஈ ஓட்டும் நேரம் அது.

முதல் நாளே நான் அழ ஆரம்பித்த நேரத்தில் மணி நான்கு. நிறுத்திக்கொள்ளலாம் என்றார்.

"என்ன சார், இட்லி பாதி வேகும்போது அடுப்பை அணைக்கிறீங்க?"

"ம்."

"ம்னா என்ன சார்?"

"அடுத்த செவ்வாய் இதுலேர்ந்து ஆரம்பிங்க."

இரண்டாவது மாதம் சூடாக நாலு மெதுவடை கொண்டுபோனேன். மனுஷன் கையை நீட்டவில்லை.

"இதை எனக்குக் கொண்டுவரணும்னு எப்பத் தோணுச்சு?"

"எண்ணெயில போடும்போது."

"நான் வேண்டாம்னு சொன்னா என்ன தோணும்?"

"பொட்டலத்தை உங்க தலையில கவுக்கணும்னு தோணும்."

"அச்சா. இதைப் பேசலாம்."

ஐம்பது நிமிஷமும் வடையைப் பற்றியே பேசினோம். நடுவில் அவர் வயிறு லோக்கல் ரயில் மாதிரிக் கத்தியது. இருவருக்கும் கேட்டது. அவருக்கு இமைகூட அசையவில்லை. வடை ஆறிப்போய் என்னோடு வீட்டுக்கு வந்தது.

ஒருநாள் அவராக வாயைத் திறந்தார். "நம்மளச் சின்ன வயசுல வளர்த்தவங்க எப்படி நடந்துக்கிட்டாங்களோ, அதையேதான் பின்னால எல்லார்கிட்டயும் எதிர்பார்க்கிறோம். மாஸ்டர்கிட்ட, வீட்டுக்காரிகிட்ட, இங்க எங்கிட்டயும். எங்கிட்ட நீங்க உங்க அம்மாவைப் பார்க்கிறீங்களோ?"

"சார், எங்க அம்மாவுக்கு மீசை கிடையாது."

"ம்."

அந்த ‘ம்’முக்குப் பயந்துதான் அம்மா கதையைச் சொன்னேன், அதுவும் சிரித்துக்கொண்டே. எனக்கு ஐந்து வயது. "கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அம்மா மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். சொன்னால் நான் அழுவேனாம். திரும்பி வர நான்கு வருஷம் ஆனது. "எவ்வளவு பெரிய கடை பாருங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு வந்தது பூஜை லீவு. இந்த ஊரில் பூஜைக்குக் கடவுளைத் தவிர யாரும் வேலை செய்வதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் இவர் ஆறு வாரத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்தார். "பூஜைக்கு ரெண்டு வாரம் இருக்கமாட்டேன். இன்னும் ஆறு வாரம் இருக்கு." அடுத்த வாரம், "இன்னும் அஞ்சு வாரம்." அதற்கடுத்து, "நாலு." கல்யாண முகூர்த்தத்துக்கு நாள் எண்ணுகிற மாதிரி. நான்காவது வாரமே எனக்குக் காதில் புகை வந்தது. கடைசி வாரம் நான் போகவில்லை. போன் செய்தார், எடுக்கவில்லை. அதோடு விட்டிருந்தால் நான் மனுஷன்.

குழுவில் எழுதினேன். ‘டாக்குரியா மீசை டாக்டரிடம் யாரும் போகாதீர்கள். உம் கொட்டுவதுதான் வைத்தியம். அழுகிறவனைப் பாதியில் விரட்டிவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவார்.’ நான் அவரிடம் போனதை எழுதவில்லை. யாரோ சொன்னார்கள் என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் ஒருத்தர் அந்த மீசையை ஸ்டிக்கராகச் செய்து போட்டார். அன்று குழுவில் அந்த மீசை முளைக்காத பதிவே இல்லை.

அவரும் அந்தக் குழுவில் இருந்தார். ஒருவர் நேராகவே கேட்டார்: ‘டாக்டர் சார், இது உண்மையா?’ அவர் எழுதிய பதில் ஒரே வரி. ‘இதைப் பற்றி நான் பேச முடியாது.’ அவ்வளவுதான், ஒப்புக்கொண்டுவிட்டார் என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். அதற்குப் பிறகு நம் ஆட்கள் யாரும் அந்த மாடி ஏறுவதில்லை.

பூஜை லீவு முடிந்து அவர் திரும்பி இரண்டு செவ்வாய் போனது. மூன்றாவது செவ்வாய், தேங்காய் வாங்கப் போகிறவன் மாதிரி அந்தச் சந்தில் நடந்தேன். கீழ்வீட்டு மாஷிமா, பெங்காலிப் பெரியம்மா, என்னைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு செவ்வாயும் மூன்று மணிக்கு மேல் டாக்டர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார், யாரும் வருவதில்லை, நீங்களாவது ஏன் வரவில்லை என்று பெங்காலியில் விரட்டினார்.

ஏறினேன். மணி மூன்று இருபது.

"வாங்க. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு" என்றார்.

உட்கார முடியவில்லை. "குழுவுல எழுதுனது நான்தான்னு தெரியும்ல? இவன் என் பேஷன்ட், பொய் சொல்றான்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல சார்?"

"போட்டா நீங்க இங்க வர்றது எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே."

செருப்பால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"எம்மேல கோவம் இல்லையா?"

"இருந்துச்சு" என்றார். "உங்களுக்கு எங்கிட்ட எதுக்குக் கோவம்? நான் லீவுல போனதுக்கா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அப்போதுதான் புரிந்தது. என்னை விட்டுப் போவதை இவர் முன்கூட்டியே என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு தடவை இல்லை, வாரா வாரம் சொன்னார். சொன்ன தேதிக்குத் திரும்பியும் வந்தார். சொல்லாமல் போன அம்மாவிடம் காட்ட முடியாத கோபத்தை, சொல்லிவிட்டுப் போனவர் தலையில் கொட்டியிருக்கிறேன்.

குழுவில் உண்மையை எழுத நாலு தடவை முயன்றேன். பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரிடம் போகிறவன் கடையில் யார் சாப்பிடுவார்கள் என்று நாலு தடவையும் அழித்தேன். அந்த நாலு தடவைக்கும் சேர்த்துத்தான் இப்போது அச்சில் சொல்கிறேன். அவரிடம் போகிறவன் நான். எழுதியது பொய்.

அவர் இன்றைக்கும் எதுவும் பேசமாட்டார், அவர் தொழில் அப்படி. ஆகவே பேச வேண்டியது நீங்கள். ஸ்டிக்கர் செய்தவரே, அதை வரிசையாக அனுப்பியவர்களே, அதே குழுவில், எல்லார் கண்ணிலும் படும்படி, பெயரோடு பதில் எழுதுங்கள். அவரிடம் எப்போது மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள்? கூடவே இதற்கும் பதில் சொல்லுங்கள். உங்கள் மானத்தைக் காப்பாற்றத் தன் பெயரைக் கெடுத்துக்கொள்கிற ஒரு ஆள் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு.