கறுப்பு அடித்த பதினேழாம் நம்பர்

பிள்ளைகளே, ஒரு விஷயத்தை மறைப்பது வேறு, அழிப்பது வேறு. பத்தாம் வகுப்போடு நின்றுபோன உங்கள் அப்பாவுக்கு இது விளங்க நாற்பது வீட்டுக் காப்பியைக் குடிக்க வேண்டியிருந்தது. உங்கள் தாத்தா இந்தக் கதையை ஒவ்வொரு விசேஷத்திலும் கை கால் வைத்துச் சொல்கிறார். திருத்தித் திருத்தி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் இந்தக் காகிதத்தை நீட்டிவிட்டு நான் படுத்துக்கொள்வேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. ஆரியசாலையில் எங்கள் ஊர்க்காரர்களின் சமாஜத்தில் எழுத்தர் வேலை. (ஃபேன் துடைப்பதும் அதில் சேர்த்தி.) அங்கே வரன் பதிவேடு ஒன்று உண்டு. பெண்ணோ பையனோ பதிந்தவர்களின் வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் 'அந்தரங்கக் குறிப்பு' எழுத வேண்டும். செயலாளரைத் தவிர யாரும் அதைப் படிக்கக் கூடாது. எனக்குப் பொய் எழுத வராது என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அதுதான் வினை.

மஸ்கட்டிலும் பம்பாயிலும் இருந்த உறுப்பினர்கள், தாங்கள் எப்படிப் பட்டியலைப் பார்ப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த செயலாளர் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"லேய், இண்டர்நெட்ல போட்டா உலகமே பாக்குமாமே. சட்டதிட்டம், ஆண்டறிக்கை, வரன் பட்டியல் எல்லாத்தையும் போட்டிரு. ஆனா குறிப்புல ஒரு எழுத்து வெளியே தெரியப்பிடாது, கேட்டியா."

"கறுப்பு அடிச்சிருதேன் அண்ணாச்சி."

சமாஜத்தில் அதுதான் வழக்கம். காகிதத்தில் மறைக்க வேண்டிய வரியின் மேல் கறுப்பு மை பூசி, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். தெரியவில்லை என்றால் ரகசியம் பத்திரம். ஷீலா சேச்சியின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரிலும் அதையே செய்தேன். நாற்பது வீட்டுக் குறிப்புகளிலும் கறுப்பு எழுத்துக்குப் பின்னால் கறுப்பு நிறம். மூன்று நாள் பூசினேன்.

சேச்சி எட்டிப் பார்த்து, தன் மலையாளத் தமிழில் கேட்டார். "அண்ணா, எந்தினா இத்தனை கஷ்டம்? அந்தக் கட்டத்தையே எடுத்துக் களைஞ்ஞா போதுமல்லோ?"

"ரெக்கார்டை அழிக்கப்பிடாது சேச்சி."

அச்செடுத்து, நடுத்தெருவில் நின்று வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சியும் பிடித்துப் பார்த்தார். "சூரியனே தோத்துட்டான்லா!" என்றார். பட்டியல் உலகத்துக்குப் போனது.

இதற்கிடையே எனக்கே ஒரு வரன் திகைந்திருந்தது. பதினேழாம் நம்பர், ஸ்ரீவராகத்து வீடு. குறிப்பு எழுதப் போனபோது பார்த்த பெண். அன்றிலிருந்து வேறு வீடுகளில் பெண்ணைப் பற்றி எழுத எனக்குக் கை ஓடவில்லை. அண்ணாச்சியே பேசி முடித்தார். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்.

பெண்ணின் அப்பா கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதை வாசித்தாலும் வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துத்தான் வாசிப்பார். மகளுக்குத்தான் இடம் முடிந்துவிட்டதே, பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்களா என்று பார்க்க சேச்சியின் கடைக்குப் போயிருக்கிறார். கம்ப்யூட்டரில் ஸ்கேல் வைக்க முடியுமா? மவுஸை அழுத்திப் பிடித்து வரி வரியாக இழுத்திருக்கிறார். இழுத்த இடமெல்லாம் நீலமானது. கறுப்புக்குள் இருந்த எழுத்தெல்லாம் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றது.

மறுநாள் காலையில் சமாஜத்துக்கு வந்தார்.

"பதினேழாம் நம்பர்ல என்னவே எழுதியிருக்கு?"

"கறுப்பு அடிச்சிருக்கு மாமா."

"கறுப்புக்கு உள்ள?"

கடையில் பார்த்து எழுதிக்கொண்ட ஒரு காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஸ்கேலை வைத்து வாசித்தார். "'பெண்ணின் தந்தை பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். காப்பி தண்ணீராக இருந்தது. வரும் மருமகனுக்குப் பொறுமை தேவை.' ஏன்வே, தண்ணியாவா இருந்து?"

நான் ஃபேனைத் துடைக்க எழுந்தேன். (இருந்தது.)

"நிச்சயத்தைப் பத்தி ஆலோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் இரும்புக்கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அண்ணாச்சி தலையில் கை வைத்தார். "நீ எழுதினது. நாப்பது வீட்டுக்கும் நீயே போய் மன்னிப்புக் கேளு."

முதலில் சேச்சியிடம் ஓடினேன். பழையதை எடுத்துவிட்டு, குறிப்புக் கட்டமே இல்லாமல் புதிதாக ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். பத்து நிமிஷம். என் மூன்று நாளை நினைத்துக்கொண்டே வீடு வீடாக நடந்தேன். விஷயம் எனக்கு முன்னாலேயே போயிருந்தது; போன இடமெல்லாம் வேண்டுமென்றே காப்பி கொடுத்து, நான் விழுங்குவதை உற்றுப் பார்த்தார்கள். 'பையனுக்கு முன்கோபம்' என்று நான் எழுதியிருந்த வீட்டில், அந்தப் பையன் டம்ளரைத் தூக்கியெறிந்து தனக்கு முன்கோபம் கிடையாது என்று நிரூபித்தான்.

பதினேழைக் கடைசிக்கு வைத்தேன். கால் வீங்கியிருந்தது. மாமா உட்காரச் சொன்னார். கோர்ட்டு, ஜட்ஜு, வக்கீல், மறுபடியும் ஜட்ஜு என்று பேசினார், பேசினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தெம்பும் இல்லை.

நடுவே அந்தப் பெண் காப்பியோடு வந்தாள். "அப்பா, கடைசி வரியை மட்டும் ஏன் வாசிக்காம விட்டீங்க? காகிதத்தை நானும் பாத்தேன்."

"அது எதுக்கு இப்போ?"

"'இந்த வீட்டில் விஷயம் தெரிந்தவர் பெண் ஒருவரே.' சரியாத்தானே எழுதியிருக்காரு!"

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்கூறு ஆச்சுவே. நீரு குறுக்க ஒரு வார்த்தை பேசல்ல. பொறுமை இருக்கு. வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு வந்து சேரும்."

அந்தப் பெண்தான் உங்கள் அம்மா என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தாத்தா இன்றைக்கும் நான் டம்ளரைக் கீழே வைத்ததும், "குறிப்பு எழுதியாச்சாவே?" என்கிறார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். காலையில் அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு அசதியில் சும்மா உட்கார்ந்திருந்தால், நீங்கள் இரண்டு பேரும் ஸ்கேலைக் கொண்டுவந்து என் நெற்றியில் வைத்து இழுக்கிறீர்களே, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க! அதற்கும் சேர்த்து, கறுப்பு அடிக்காமலே இங்கே எழுதிவிடுகிறேன்: காப்பி நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்கேலை அலமாரியில் வையுங்கள்.