நாலு விரல் பள்ளமும் ஓர் ஒருங்கிணைப்பாளரும்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு வகை. வேலை செய்யாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையையும் ஒரே அறையில் உட்கார வைத்து, நடுவில் பிஸ்கட் தட்டை நகர்த்திவிட்டு, "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்கிற மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதற்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சட்டைப்பையில் இரண்டு பேனா, தரப்புக்கு ஒன்றாக. கையில் ஓயாமல் அதிரும் கைபேசி. முகத்தில், வீடு விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே நிற்கும் தரகரின் சிரிப்பு.

இவரிடம் போய், "அந்த வேலை என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தது என்று சொல்ல மாட்டார். முடியவில்லை என்றும் சொல்ல மாட்டார். "ரெண்டு பக்கமும் பேசியாச்சு" என்பார். அதைச் சொல்லும்போது, ஒரு மலையைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்துவிட்டு வந்தவரின் களைப்பு அவர் குரலில் இருக்கும். நமக்கே பாவமாகிவிடும். உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

இந்த இனத்தை நான் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு எழுதவில்லை. என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் இதில் முதல் தரம்.

அத்தானின் உத்தியோகம் சாலை ஆராய்ச்சி சம்பந்தப்பட்டது. சாலை போடுவது அல்ல, ஆராய்ச்சி செய்வதும் அல்ல, சம்பந்தப்பட்டது, அவ்வளவுதான். மாநிலத்தில் ஒரு சாலைத் துறை, மத்தியில் ஒரு சாலைத் துறை. இரண்டும் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாகச் செலவு செய்து, ஒரே பதிலைத் தனித்தனியாக அச்சடித்து அலமாரியில் அடுக்குகின்றன என்று யாரோ எங்கோ புகார் சொல்லிவிட்டார்கள். இனிமேல் இருவரும் சேர்ந்து ஆராய வேண்டும், சேர்ந்து செலவழிக்க வேண்டும் என்று முடிவானது. அந்தச் 'சேர்ந்து' என்ற சொல்லுக்கு ஒரு நாற்காலி போட்டு அதில் அத்தானை உட்கார வைத்தார்கள்.

"நான் யாரு? ஒரு பாலம்" என்பார் அத்தான், சாப்பாட்டு மேசையில், தண்ணீர்க் குவளையை ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் நடுவில் வைத்துக் காட்டி.

"பாலம்னா ஜனங்க இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போவாங்க" என்பாள் அக்கா. "உங்க மேல ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஏறி வந்து, நடுவுல நின்னு டீ குடிச்சிட்டு, அவங்கவங்க வழியில திரும்பிப் போயிடறாங்க."

அவருடைய கூட்டம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போனவனை, ஆள் குறைகிறது என்று பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். வட்ட மேசை. வட்டமாக இருந்தால் தலைமை இடம் என்று ஒன்று இருக்காது, சண்டை வராது என்று அத்தானே யோசித்து வாங்கியது. ஆனால் குளிர்சாதனத்தின் காற்று ஒரு பக்கம்தான் வீசியது. அதனால் அது தலைமை இடமாகிவிட்டது. அதைப் பிடிக்க மாநிலத்தார் சீக்கிரம் வர, மறு கூட்டத்துக்கு மத்தியார் அதைவிடச் சீக்கிரம் வர, இப்படியே போட்டி போட்டுக்கொண்டு இரு தரப்பும் கூட்டத்துக்கு வெகு முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிடும் பழக்கம் உண்டாகியிருந்தது. அந்த நேரந்தவறாமையைத் தன் சாதனைகளில் ஒன்றாக அத்தான் சொல்லிக்கொள்வார்.

பேச்சு பணத்தில் தொடங்கியது.

"எங்க பாதியைத் தர்றதுல எங்களுக்கு எந்தத் தடையும் இல்ல" என்றார் மாநிலத்தின் பெரிய பொறியாளர். "அவங்க பாதி வந்ததும் உடனே விட்டுடுவோம்."

"எங்களுக்கும் அதேதான்" என்றார் மத்தியின் பெரிய பொறியாளர். "அவங்க பாதி வரட்டும், அடுத்த நிமிஷம் எங்களது."

இருவரும் முகம் மலர ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வாசலில் எதிரெதிராக வந்துவிட்ட இரண்டு கனவான்கள், "நீங்க முதல்ல", "இல்லையில்ல, நீங்க முதல்ல" என்று சாகும்வரை நிற்பார்களே, அப்படி. அத்தான் எழுந்தார். "கொள்கை அளவுல ரெண்டு தரப்புக்கும் முழு உடன்பாடு" என்று அறிவித்தார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அன்றைய ஒரே தீர்மானம் அடுத்த கூட்டத்தின் தேதி. அதற்கே பிஸ்கட் இரண்டு சுற்று போனது.

சரி, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

அக்காவுக்கு மருத்துவமனையில் வேலை. உடைந்த எலும்பு கூடியவர்களுக்கு உடற்பயிற்சி கொடுத்து, மடங்காத மூட்டை மடங்க வைக்கிற வேலை. அவள் விரல்கள் பிடித்தால் கல்லும் இளகும் என்று நோயாளிகள் சொல்வார்கள். வலியில் வேறு சிலவும் சொல்வார்கள். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போகிற வழியில் ஒரு வளைவு. அந்த வளைவின் சரியாக நடுவில் மாநிலச் சாலை முடிகிறது, மத்தியச் சாலை தொடங்குகிறது. மாநிலத்தார் தங்கள் எல்லைவரை அழகாகத் தார் போட்டு நிறுத்திக்கொண்டார்கள். மத்தியார் தங்கள் எல்லையிலிருந்து அழகாகத் தொடங்கினார்கள். இரண்டு அழகுக்கும் நடுவில் சாலையின் குறுக்கே ஒரு சாண் அகலத்துக்கு, நாலு விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிரம்பி, சாலை சமமாக இருப்பதுபோலவே தெரியும். ஸ்கூட்டரின் முன்சக்கரம் மட்டும் ஏமாறாது, நேராக உள்ளே இறங்கிவிடும்.

"இன்னைக்கும் உங்க வளைவுலேர்ந்து உடைஞ்ச மணிக்கட்டு ஒண்ணு வந்துச்சு" என்பாள் அக்கா, வேலை முடிந்து வந்ததும்.

"எந்தப் பக்கம்? மாநிலமா, மத்தியா?"

"மணிக்கட்டுல அதெல்லாம் எழுதியிருக்காதுங்க."

"அப்படி இல்லம்மா, இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு…"

"ரெண்டு ரோட்டுக்கும் நடுவுல பள்ளம் இருக்கு. அதை அடைச்சாப் போதும். இதுக்கு என்ன முறை?"

"நீ சொல்றது ஒரு கருத்து. ஆராய்ச்சி முடியறதுக்கு முன்னாடி காரணம் சொல்லக் கூடாது."

அக்கா தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். "இதுதாங்க என் பொழப்பு. நானும் தினம் அந்த வழியாத்தான் போறேன்."

அத்தான் கெட்டவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அக்காவின்மேல் உயிரையே வைத்திருக்கிறார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே கிளம்பி, கதவு கதவாக ஏறி இறங்கி, யார் யார் காலிலோ விழாத குறையாகக் கெஞ்சி, 'ஈரச் சாலையில் வண்டிகள் சறுக்குவது ஏன்?' என்ற கூட்டு ஆராய்ச்சிக்கு இரண்டு பாதியையும் வாங்கிவிட்டார். அவருடைய உத்தியோக வாழ்க்கையிலேயே மகத்தான வெற்றி அதுதான். ஒரே ஒரு நிபந்தனை. மாநிலத்தின் பணம் மாநிலச் சாலையில்தான் செலவாக வேண்டும். மத்தியின் பணம் மத்தியச் சாலையில்தான்.

சாலையின் பிடிமானத்தை அளக்கும் கருவி பூட்டிய வண்டி ஒன்று வந்தது. விலை உயர்ந்தது. அத்தான் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மாநிலப் பகுதியில் வண்டி மெல்ல உருண்டு, கடைசி அங்குலம்வரை அளந்தது. எல்லையில் நின்றது. அளப்பதை நிறுத்திக் கருவியை மேலே தூக்கிக் கட்டினார்கள். ஏன்? பள்ளத்தில் இறங்கினால் கருவி கெட்டுவிடுமே! ஓட்டுநர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகப் பள்ளத்தைத் தாண்டினார். இரு தரப்புப் பொறியாளர்களும், "மெதுவா, மெதுவா! பள்ளம் இருக்கு!" என்று கூவினார்கள். தாண்டியதும் கருவியை இறக்கி மத்தியப் பகுதியை அளந்தார்கள்.

அறிக்கை வந்தது. மாநிலப் பகுதி மிக நன்று. மத்தியப் பகுதி மிக நன்று. வண்டிகள் சறுக்குவதற்குச் சாலையில் எந்தக் காரணமும் இல்லை; ஓட்டுகிறவர்களின் மனநிலையைப் பற்றித் தனியே ஆராயலாம்.

"பாரு, ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட முதல் அறிக்கை!" என்று அத்தான் அதை வரவேற்பறையில் வைத்தார். அக்கா அதன்மேல் ஸ்கூட்டர் சாவியை வைத்தாள். அதைச் சாவி வைக்கும் இடமாகவே பழக்கிக்கொண்டாள்.

அடுத்த மழைக்கு அக்கா விழுந்தாள்.

நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவளுடன் வேலை பார்ப்பவர்களே அவள் வலது கைக்கு மாவுக்கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். அத்தான் தலைமாட்டில் நின்றுகொண்டு வாயைத் திறந்தார்.

"விழுந்த இடம் மாநிலமா மத்தியான்னு மட்டும் கேட்டுடாதீங்க" என்றாள் அக்கா.

திறந்த வாய் மூடிக்கொண்டது. பிறகு அது கோணியது. அத்தான் அழுதார், மூக்கைச் சிந்திக்கொண்டு, நர்ஸ் பார்க்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லாமல். அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அன்றுதான். ஆனால் பழக்கம் இருக்கிறதே! கண்ணைத் துடைத்த அதே கை அப்படியே சட்டைப்பைக்குப் போய்க் கைபேசியை எடுத்தது.

"யாருக்கு?" என்றாள் அக்கா.

"ரெண்டு பக்கமும் பேசி… ஒரு அவசரக் கூட்டம்…"

அக்கா இடது கையால் கைபேசியை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள். "கூட்டம் வேணாம். மூட்டையில தார்க் கலவை விக்கறாங்க. ரெண்டு மூட்டை வாங்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்த உச்சி வேளை. சிவப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு பக்கம் வண்டிகளை நிறுத்தினேன். அக்கா காரின் ஜன்னல் வழியாகக் கட்டுப் போட்ட கையை நீட்டி உத்தரவு போட்டாள். அத்தான் முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு மூட்டையைக் கவிழ்த்தார். பாதியில் நிறுத்தினார்.

"மாநிலப் பக்கம் கொஞ்சம் கூடுதலா விழுந்துடுச்சோ?"

"கொட்டுங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த பறவைகள் கிளம்பின.

கொட்டினார். மண்வெட்டியின் முதுகால் தட்டினார். காரை முன்னும் பின்னும் ஓட்டி அழுத்தினோம். கூட்டத்தில் முதல் சுற்றுத் தேநீர் பரிமாற ஆகும் நேரம்கூட ஆகவில்லை. கையெல்லாம் தாருடன் அத்தான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வேலையை முடித்த மனிதராக அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். கொஞ்சம் பயந்துபோயிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு பெருமழை பெய்தது. அந்த வளைவிலிருந்து மணிக்கட்டு எதுவும் வரவில்லை.

வந்தது வேறு. பள்ளத்தைக் காணோம் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். மத்தியார் அத்துமீறி எங்கள் சாலையில் தார் ஊற்றிவிட்டார்கள் என்றது மாநிலம். மாநிலம்தான் எங்கள் எல்லைக்குள் நுழைந்திருக்கிறது என்றது மத்தி. இரண்டும் கொதித்தன. இரண்டும் சத்தியம் செய்தன. கடைசியில், வரலாறு காணாத ஒற்றுமையுடன், முதல் அமர்விலேயே, தேநீர் வருவதற்கும் முன்பே, இரு தரப்பும் தங்கள் தங்கள் பாதியை மேசைமேல் வைத்துவிட்டன. பள்ளத்தை அடைத்தது யார்? அந்தக் கலவையின் தரம் என்ன? தேவைப்பட்டால் தோண்டிப் பார்த்துவிடுவது. கூட்டு ஆராய்ச்சி. ஒருங்கிணைப்பாளர்? வேறு யார் இருக்கிறார்கள்!

அத்தான் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தார். அக்கா கட்டுப் பிரித்த கையால், பயிற்சிக்காக ஒரு ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மாட்டிக்கிட்டேன்" என்றார். "என் நகத்துல இன்னும் தார் போகல. பள்ளத்தையும் திரும்பத் தோண்டிடுவாங்க. வேலையும் போயிடும்."

"ஒருங்கிணைக்கறது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன பயம்?" பந்தை இன்னொரு தடவை அழுத்தினாள். "கண்டுபிடிக்கவே மாட்டாங்க. தோண்டவும் மாட்டாங்க. வழக்கம்போல வேலையைப் பாருங்க, போதும்."

அத்தான் வெகுநேரம் யோசித்தார். முகம் மெல்லத் தெளிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கைபேசியை எடுத்தார்.

"ஆமா, ரெண்டு பக்கமும் பேசணும்" என்றார்.

இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார். அந்த வளைவில் சாலை சமமாக இருக்கிறது. அக்கா தினமும் அதன்மேல்தான் வேலைக்குப் போய் வருகிறாள். ஓர் ஒருங்கிணைப்பாளரால் உலகத்துக்கு இதைவிடப் பெரிய நன்மை நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. உங்கள் வாசலுக்கு எதிரிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. காலையில் அதை வளைத்துக்கொண்டுதான் வந்தீர்கள். அதைப் பற்றி யாரிடமோ சொன்னதாகவும் ஞாபகம். இப்போதுகூட, இதை உடனே இன்னாருக்கு அனுப்பி வைக்க வேண்டும், அவரைப் பற்றியே எழுதியது போல இருக்கிறது என்று உங்கள் கை கைபேசியைத் தேடுகிறது, இல்லையா? தாராளமாக அனுப்புங்கள். அவரும் இன்னொருவருக்கு அனுப்புவார். அதற்கு முன்னால் உங்கள் சட்டைப்பையில் எத்தனை பேனா இருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.